நைனா அவிழ்த்த கயிறு

துணி இல்லாமல் தூங்கினால் உடம்புக்கு நல்லது. இதை எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் தொடையிடுக்கில் நாலு வருஷமாக இருந்த படர்தாமரை போனதை வைத்துச் சொல்கிறேன். என் அப்பாவின் இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப்புண் மூடியதை வைத்துச் சொல்கிறேன். மூடிய புண்ணைத் திறந்தது என் வாய். அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் சோப்பு விற்கவில்லை.

எனக்குத் தொழில் துணி துவைப்பது. அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையிலேயே வீடு; பின்னால் ஷெட் போட்டு இரண்டு பெரிய மெஷின் வைத்திருக்கிறேன். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்களின் பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் லோடு ஆட்டோவில் என்னிடம் வரும். பதினெட்டு வருஷமாக ஊரார் படுத்து எழுந்த துணியைப் பார்த்துவருகிறேன். யார் எப்படித் தூங்கினார்கள் என்று பெட்ஷீட்டே சொல்லிவிடும். நம் ஆட்கள் படுத்த துணியில் சாயம் இருக்கும். லுங்கிச் சாயம், பாவாடைச் சாயம், காவி வேட்டிச் சாயம். ராத்திரி முழுக்க வேர்வையில் ஊறி வெள்ளைத் துணியில் இறங்கியிருக்கும். இரண்டு தடவை பிளீச்சிங் போட்டாலும் போகாது. வெள்ளைக்காரர்கள் படுத்ததில் சாயமே இருக்காது. வேர்வை மட்டும்தான். ஒரே தண்ணீரில் போய்விடும்.

இதைப் பார்த்து நான் ரொம்ப வருஷம் சிரித்திருக்கிறேன். "சாமியத் தேடி வந்துட்டு அம்மணமா கிடக்குதுங்க பாரு" என்று ஆட்டோக்காரரிடம் சொல்வேன். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே நான் ஈர லுங்கிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொள்வேன். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று, அதே ஈரத்தோடு படுத்து எழுந்து, இடுப்புக்குக் கீழே தோல் தோலாகவே இல்லை. அந்த நிலைமையில் இருந்துகொண்டுதான் அடுத்தவன் தூக்கத்தைப் பற்றிக் கேலி.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். சம்பங்கி பயிர் வைத்துப் பிழைத்தவர். தை மாசம் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடது பக்கம் மொத்தமாகப் போய்விட்டது. வாய் கொஞ்சம் கோணியதே தவிரப் பேச்சு போகவில்லை. அதுதான் போயிருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். எழுபத்தெட்டு வயசு வரைக்கும் அந்த வாயால் அவர் காயப்படுத்தாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை.

முன்னறையில் கட்டில் போட்டோம். பகலில் என் மனைவி பார்த்துக்கொள்வாள். ராத்திரி நான். நான் விடிகாலை நாலரைக்கு மெஷின் போட எழுந்துவிடுவேன் என்பதால் பல வருஷமாகவே அவள் உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகத்தான் தூங்குவாள். அதனால் நைனா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை.

பங்குனியில் நாற்றம் வந்தது. முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்தினேன். எலி இல்லை. நைனாவைப் புரட்டிப் பார்த்தால் முதுகெலும்பு முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். நடுவில் குழி. இடுப்பில் கட்டியிருந்த கயிறு பின்பக்கமாக நகர்ந்து, அதில் கோத்திருந்த தாயத்தும் முடிச்சும் மல்லாந்து கிடந்த அந்த உடம்புக்கு அடியில் மாசக்கணக்கில் அழுந்தியிருக்கிறது. அதுக்கு மேல் கோவணம், அதுக்கு மேல் சுருட்டிக் கட்டிய வேட்டி, அடியில் மூத்திரம் படாமல் இருக்க நாங்கள் விரித்த பிளாஸ்டிக் ஷீட். மனுஷனை வேகவைத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து மருந்து வைக்கும் நர்ஸ் ஒருத்தி கிடைத்தாள். நாற்பது வயசு இருக்கும். முகத்துக்கு நேராகப் பேசுகிறவள். புண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"விரல் போவுது பாருங்க. இது எலும்பு வரைக்கும் போச்சுன்னா அப்புறம் நான் வரவேண்டிய வேல இல்ல. வேற ஆளுங்கதான் வருவாங்க, தூக்கறதுக்கு."

"இன்னா பண்ணணும்னு சொல்லுங்க."

"பிளாஸ்டிக்கத் தூக்கிப் போடுங்க. நல்ல காட்டன் துணியா சுருக்கம் இல்லாம விரிங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடுங்க. ராத்திரி உடம்புல ஒண்ணும் வேணாம். வேட்டி, கோவணம், எதுவும். காத்து படணும். அந்தக் கயிறையும் எடுத்துடுங்க."

வேட்டிக்கும் கோவணத்துக்கும் நைனா ஒன்றும் சொல்லவில்லை. கயிறு என்றதும் கண் பெரிசானது.

எங்கள் பக்கத்து ஆம்பளைக்கு இது ஒரு சட்டம். இடுப்பில் கயிறு இருக்கும்வரை அவன் அம்மணம் இல்லை. மேலே ஒட்டுத்துணி இல்லாவிட்டாலும் கயிறு இருந்தால் மானம் இருக்கிறது. கயிறு நைந்துபோனால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள். வெறும் இடுப்பாக ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டார்கள். கட்டிய கயிற்றை அறுத்து வெறும் இடுப்பாக விடுவது ஒரே ஒரு நாளில்தான், பிணத்தைக் குளிப்பாட்டும்போது.

"டேய், அது இன்னா கயிறுன்னு தெரியுமாடா உனுக்கு?" என்றார் நைனா. "அருணாக்கயிறு. அருணாசலம் கட்டின கயிறு. மலை கட்டினத நீ அறுப்பியா?"

இதில்தான் எனக்கு எரிச்சல். அரை என்றால் இடுப்பு. அரைஞாண் கயிறு என்பது வாயில் தேய்ந்து அருணாக்கயிறு ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இந்தப் பேர்தான். எங்கள் ஊரில் மட்டும் மலைக்கு அருணாசலம் என்று பேர் இருப்பதால் கயிறும் மலையுடையதாகிவிட்டது. கோயிலைச் சுற்றி விற்கிறவர்கள் இதைச் சொல்லியே வெளிநாட்டுக்காரர்களின் மணிக்கட்டில் கட்டி அனுப்புகிறார்கள். கோவணம் செருகுகிற கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு அவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களாவது வேற்று ஊர். பிறந்ததிலிருந்து கோவணம் கட்டிய மனுஷனுக்கும் அதே நம்பிக்கை.

"அது இடுப்புக்கயிறு நைனா. கோவணம் செருகறது. மலையும் இல்ல, மண்ணும் இல்ல."

"பொணத்துக்குத்தான்டா அறுப்பாங்க."

"நீ இப்ப இன்னா, எழுந்து ஓடறியா?"

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஷெட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். கிழிந்த பெட்ஷீட்டுகளை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். நைனா வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு பக்கம் செத்த உடம்பில் மிச்சம் இருந்த பலம் மொத்தமும் அந்தக் கையில் இருந்தது. விரல் விரலாகப் பிரித்தேன். அவர் கத்தவில்லை. எண்ணெயும் அழுக்கும் ஏறிய கயிறு, இரண்டு தடவை வழுக்கிவிட்டு மூன்றாவதில் அறுந்தது.

கயிறு இருந்த இடத்தை வலது கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி. தலமாட்டுல வெளக்கு ஏத்து" என்றார்.

அன்றிலிருந்து அவர் செத்தவர். மத்தியானம் என் மனைவி கஞ்சி கொண்டுபோனாள்.

"பொணத்துக்கு இன்னாத்துக்கும்மா கஞ்சி? வாய்க்கரிசி போட்டுட்டுப் போ."

"சரிங்க மாமா. பொணம்னா பேசக்கூடாது. பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ராத்திரியும் சாப்பிடவில்லை. என்னிடம் பேச்சே இல்லை. மறுநாள் வேண்டுமென்றே ஆட்டுக்கால் வாங்கிவந்து சூப் வைக்கச் சொன்னேன். மிளகு வாசனை முன்னறைக்குப் போனதும், "இன்னாம்மா கொதிக்குது?" என்று மருமகளைக் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். நான் வாசப்படியில் நின்று, "செத்தவன் சூப்பு குடிக்கறதை இப்பத்தான் பாக்கறேன்" என்றேன். அவர் டம்ளரை என் பக்கம் எறிந்தார். வலது கை, குறி தப்பவில்லை. முட்டியில் பட்டது.

கழித்துப் போட்ட கெஸ்ட் ஹவுஸ் பெட்ஷீட்டுகள் என்னிடம் நிறைய இருந்தன. முன்னூறு தடவை துவைத்த காட்டன். தோல் மாதிரி இருக்கும். அதில் ஒன்றை இழுத்துக் கட்டி விரித்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, நைனாவின் துணியை எல்லாம் எடுத்துவிட்டு, மேலே இன்னொரு ஷீட்டை லேசாகப் போர்த்துவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம். எழுந்து புரட்டிப் போடுவேன். எனக்குப் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செத்தால் காரியம், பங்காளிகள், ஒரு வாரம் மெஷின் நிற்கும். அதற்குப் புரட்டுவதே மேல். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கத்திரி வெயில் வந்தது. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பாறை ராத்திரிதான் கக்கும். ஒரு நாள் தாங்காமல் இருட்டில் நானும் லுங்கியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். என் இடுப்புக் கயிற்றையும் கழற்றி ஆணியில் மாட்டினேன். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பத்து நிமிஷத்தில் கூச்சம் போய், உடம்பு முழுக்கக் காற்று நடமாடியது. பாயில் முதுகு ஒட்டவில்லை. லுங்கி காலைச் சுற்றவில்லை. அடுத்த அலாரம் அடித்தபோதுதான் தூங்கியதே தெரிந்தது. பதினைந்து நாளில் அரிப்பு பாதி கம்மியாகிவிட்டது. ஆனி முடிவதற்குள் தோல் உலர்ந்து, உரிந்து, உள்ளே புதுத் தோல் வந்துவிட்டது. எத்தனை டியூப் களிம்பு பிதுக்கிப் பிதுக்கித் தடவினேன். தொல்லை லுங்கியில் இருந்திருக்கிறது.

நைனாவுக்கும் அப்படித்தான். முனகல் நின்றது. ராத்திரி தொடர்ந்து தூங்க ஆரம்பித்தார். நாற்றம் போய்விட்டது, என் மனைவி சாம்பிராணி போடுவதை நிறுத்தினாள். குழி மேலேறி மேலேறி வந்து, ஆடி பிறந்தபோது ஒரு ரூபாய் அளவுக்கு இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். நர்ஸ் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "தாத்தா, கல்யாணமே பண்ணலாம் உங்களுக்கு" என்றாள்.

"செத்தவனுக்கு யாரும்மா பொண்ணு குடுப்பாங்க?" என்றார் நைனா. ஆனால் சிரித்தார்.

ஆடிப் பௌர்ணமிக்கு அத்தை வந்தாள். நைனாவின் தங்கை, போளூர் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். வெயில் மாசங்களை விட்டால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்ற வருவாள், வழியில் எங்கள் வீட்டில் செருப்பை விட்டு, மோர் குடித்து, காலை நீட்டிவிட்டுப் போவாள். நைனா ஏற்கெனவே போன் போடச் சொல்லி அவளிடம் அழுதிருக்கிறார். கோயில் வாசலில் வாங்கிய புதுச் சிவப்புக் கயிற்றோடு வந்து, என்னைப் பார்த்து, "நீ வெளிய போடா" என்று சொல்லிவிட்டு அண்ணன் இடுப்பில் கட்டினாள். புண்ணில் படாமல் தளர்த்தியாக, முன்பக்கம் சுருக்கு முடிச்சாகக் கட்டச் சொல்லி நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்படியே கட்டினாள். நைனா அன்றைக்குத்தான் செத்ததிலிருந்து எழுந்தார். என்னிடம் பேசினார். "ரேடியோவ இப்பிடித் திருப்பி வை" என்றார்.

நாலைந்து நாள் கழித்து, விடிகாலையில் மெஷின் போட எழுந்து விளக்கைப் போட்டேன். கட்டில் காலில் சிவப்பாக ஏதோ தொங்கியது. கயிறு. நைனா முழித்துக்கொண்டுதான் இருந்தார். போர்வைக்கு வெளியே வலது கை. ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. சுருக்கு முடிச்சை இழுத்து அவிழ்க்க முடியும். ராத்திரி அவிழ்த்து மாட்டிவிட்டு, விடிந்ததும் எடுத்து இடுப்பின் மேல் வளைத்துப் போட்டு வேட்டியால் மூடிக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்குக் கட்டியிருக்கிற மாதிரியே தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

அதன்பிறகு மூன்று வாரம். என் வாழ்க்கையில் நைனாவோடு நான் சண்டை போடாமல் இருந்த மூன்று வாரம் அதுதான். ராத்திரி கதவைச் சாத்தியதும் அவர் சுருக்கை இழுப்பார். நான் என் கயிற்றை ஆணியில் மாட்டுவேன். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பேன் கம்மியா வை" என்பார். வைப்பேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டை மாதிரித் தூங்கினோம்.

ஆவணிப் பௌர்ணமி. சாயங்காலம் நாலு மணி. அத்தை வந்தாள், அவள் மகன், ஊர்க்காரர்கள் இரண்டு பேர். முன்னறையில் உட்கார்ந்து எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். தலை வாரி, வெள்ளை வேட்டியை மேலே விரித்து, பார்க்க நன்றாகவே இருந்தார்.

"அண்ணா, கயிறு நல்லா கீதா? இறுக்கமா இல்லியே?" என்றாள் அத்தை.

"இன்னா இறுக்கம்? நீ கட்டினப்புறம்தான் எனுக்கு உயிரே வந்துச்சு. இவன் அறுத்துப் போட்டுட்டான், நீ குடுத்த. புண்ணு ஆறினதே கயிறு வந்ததாலதான். அருணாசலம் சும்மா உட்ருவானா?"

"மலை பாத்துக்கும்" என்றார் ஊர்க்காரர் ஒருவர்.

நூற்றிருபது ராத்திரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து புரட்டியவன் நான். சீழ் துடைத்தவன் நான். மலை வந்து துடைக்கவில்லை. பேசாமல் ஷெட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கட்டிலுக்குப் போய், வேட்டிக்கு அடியில் கையை விட்டு, கயிற்றை ஒரு விரலில் தூக்கி, அடித்துப் போட்ட பாம்பைக் காட்டுவது போல எல்லோருக்கும் காட்டினேன்.

"உங்க அண்ணன் கட்டிருக்கற கயிறப் பாரு அத்த. ராத்திரி ஒம்போது மணியானா அவுத்துக் கட்டில் கால்ல மாட்டிட்டு அம்மணக்கட்டையா தூங்கறாரு. துணி ஜாஸ்தியாயிடுச்சாம் அவருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் மகன், "மாமா, வெள்ளக்காரனையே மிஞ்சிட்ட. ஆசிரமம் பக்கம் ஒரு ரூம் போட்டுக் குடுத்துடலாமா?" என்றான். இன்னும் சிரிப்பு.

துணி ஜாஸ்தியாயிடுச்சாம். அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நைனாவுக்கும் தெரியும். எனக்கு இருபது வயசு இருக்கும்போது ஒரு கத்திரி. என் அம்மாவுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு, சொறிந்து சொறிந்து ரத்தம். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புடவையை மட்டும் போர்த்திக்கொண்டு தூங்குவாள். நைனா அதைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒரு பௌர்ணமிக்கு வந்த சொந்தக்காரர்கள் நடுவில், "துணி ஜாஸ்தியாயிடுச்சாம் அவளுக்கு, ராத்திரி கழட்டிப் போட்டுர்றா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா அதன்பிறகு சாகும்வரை ஒவ்வொரு கத்திரியிலும் ரவிக்கையின் எல்லா ஊக்கையும் மாட்டிக்கொண்டுதான் படுத்தாள். நைனா என்ன சொன்னார் என்பதை நான் மறக்கவே இல்லை. சிரித்ததைத்தான் மறந்திருந்தேன்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. மோர் டம்ளரைப் பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தங்கையிடம், "கட்டுடி" என்றார். "அவுறாத மாதிரி முடிச்சுப் போடு."

அத்தை கட்டினாள். "இன்னொண்ணு போடு" என்றார். போட்டாள். "இன்னொண்ணு." ஐந்து முடிச்சு. தளர்த்தி என்ற பேச்சே இல்லை. பிறகு கோவணம் கேட்டார். அதற்கு மேல் வேட்டியைச் சுருட்டி இறுக்கிக் கட்டச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்தாள். சிரித்த முகம் எங்கோ போயிருந்தது.

அன்றைக்கு ராத்திரி நான் துணியை எடுக்கப் போனபோது, "அய்யோ, அறுக்கறான், அறுக்கறான்" என்று அலறினார். பௌர்ணமிக் கூட்டம் வாசலில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். அடுத்த நாளும் அதே அலறல். நான் கெஞ்சினேன் என்று எழுத ஆசைதான். கெஞ்சவில்லை. "செத்துத் தொலை" என்று கத்தினேன்.

பத்தாம் நாள் நர்ஸ் வந்து புரட்டிப் பார்த்தாள். புதுத் தோல் கிழிந்து ஈரமாக இருந்தது.

"இன்னா தாத்தா இது? நல்லாதான இருந்துச்சு? கயிறு தளர்த்தியாத்தான் இருக்கணும்னு சொன்னேன் இல்ல?"

"பொணமா கெடந்தப்ப நல்லாத்தாம்மா இருந்தேன். இப்ப மனுசனா கீறேன். மனுசனாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் என்னை ஷெட்டுக்குக் கூட்டிவந்து என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். மறைக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கொண்டே, "இந்த மருந்த உங்க வாயிலதான் வெக்கணும்" என்றாள். வழக்கமாக வாங்கிக்கொள்ளும் டீயைக் குடிக்காமல் போனாள்.

தூங்கும்போது அறுத்துவிடலாம் என்று ஒரு ராத்திரி கத்தரிக்கோலோடு கட்டில் பக்கம் போனேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் கண் திறந்திருந்தது. வலது கை ஐந்து முடிச்சின் மேல் இருந்தது. அவர் தூங்குவதையே விட்டுவிட்டார். தூங்கினால் நான் அறுத்துவிடுவேன். என் பாயில் வந்து படுத்தேன். லுங்கியோடு.

புரட்டாசி முழுக்கப் புண் உள்ளே போனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் கயிற்றை எடுக்க விடவில்லை. ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஷெட்டில் எண்பது பெட்ஷீட் காயாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலை, என் மனைவி ஷெட் வாசலில் வந்து நின்று, "மெஷின நிறுத்துங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

குளிப்பாட்டப் பெஞ்சில் கிடத்தினார்கள். காரியம் செய்ய வந்தவர் வேட்டியை எடுத்தார், கோவணத்தை எடுத்தார். கயிற்று முடிச்சை நகத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு, "அவுறல. கத்தி எதுனா இருக்குதா?" என்றார். அத்தை ஷெட்டுக்குப் போய் என் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"இப்ப அறுடா" என்றாள். "இப்ப யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன தடவை என் மணிக்கட்டைப் பிடித்த கை பெஞ்சில் இருந்து தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கயிறு, வழுக்கவில்லை. ஒரே வெட்டில் அறுந்தது. இடுப்பைச் சுற்றி அது இருந்த இடத்தில் விரல் ஆழத்துக்குப் பள்ளம். தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்தப் பள்ளத்தில் நின்று நின்று வழிந்தது.

பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு, முன்னறையில் பாயை விரித்து, கதவைச் சாத்தி, துணியை எல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். புரட்டாசியில் திரும்பி வந்திருந்த அரிப்பு ஒரு வாரத்தில் அடங்கியது. நன்றாகத் தூங்குகிறேன். இந்த ஊர்ச் சூட்டில் துணியோடு தூங்குகிறவன் முட்டாள். அதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை என்று நினைத்து, மனைவியிடம் ஒரு நாள் காலையில் சொன்னேன். அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது ஒரு விசயமா?" என்றாள். "நான் மூணு வருசமா அப்படித்தான் தூங்கறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"எதுக்கு? உங்க அத்த வந்தா மோரு குடிச்சிக்கினே சொல்றதுக்கா?"

கேலியாகச் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மாவுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு அடுப்பைச் சின்னதாக்கினாள். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பல வருஷமாகத் தினமும் கேட்கிற சத்தம்தான். அவள் கதவைச் சாத்துவது நான் போடும் மெஷின் சத்தத்துக்காக என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.